டல்லாஸில் மகளுக்கு டைட்டில் இன்ஷூரன்ஸ், பாறசாலையில் எனக்கு?

கேள்வி: அமெரிக்காவில், டல்லாஸில் என் மகள் வீடு வாங்குகிறாள். பேங்க் கேட்கும் பாலிசி போக, ‘ஓனர்ஸ் டைட்டில் இன்ஷூரன்ஸ்’ (வீட்டின் உரிமையில் குறை வந்தால் வாங்கியவருக்கு நஷ்டஈடு தரும் பாலிசி) தனியாக எடுக்கவா என்று கேட்கிறாள். நான் எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலையில் 8 சென்டும் பழைய வீடும் விலை பேசியிருக்கிறேன். எனக்கும் அது கிடைக்குமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: மகளைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள், அம்மா. பேங்க் கேட்கும் பாலிசி பேங்கின் கடனுக்கு மட்டும்தான் காவல். பழைய உரிமையாளரின் வாரிசு யாராவது கேஸ் போட்டால், மகள் போட்ட கைக்காசுக்கு அதிலிருந்து ஒன்றும் வராது. ஓனர் பாலிசிக்கு ஒரே முறைதான் பிரீமியம். வாங்கிய விலை வரை காப்பு, வக்கீல் செலவும் சேரும். டெக்சாஸில் கட்டணத்தை மாநில அரசே நிர்ணயிக்கிறது. ‘ஷெட்யூல் பி’ என்ற விலக்குப் பட்டியலை மட்டும் வரி விடாமல் படிக்கட்டும். அதில் குறித்திருக்கும் குறைக்கு நஷ்டஈடு கிடையாது.

உங்கள் கதை வேறு. நம் நாட்டில் இந்த இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் பில்டர்களின் திட்டங்களுக்குத்தான்; 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டமான ‘ரெரா’ அதைப் பேசுவதும் அவர்களை வைத்தே. தனியாளிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அதை எதிர்பார்த்து இருக்காதீர்கள். பதிவு ஆபீஸும் ஆதாரத்தை (பத்திரத்தை) பதியுமே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டென்று உறுதி தராது. பிரீமியத்துக்கு நினைத்த பணத்தை, மலையாள ஆதாரம் படிக்கத் தெரிந்த நெய்யாற்றின்கரை வக்கீல் ஒருவருக்குக் கொடுங்கள்.

முன்னாதாரங்களை (முந்தைய பத்திரங்களை) 30 வருஷத்துக்கு அசலாகவே பார்க்க வேண்டும். அடமானத்தை மீட்கச் சட்டம் தரும் கெடு 30 வருஷம் என்பதால் இந்தக் கணக்கு. ரீசர்வே நடந்த இடமானால் பழைய சர்வே நம்பர், புது நம்பர் இரண்டுக்கும் வில்லங்கம் போடுங்கள். புது நம்பருக்கு மட்டும் போட்டால் முந்தைய அடமானம் கண்ணில் படாமல் போகலாம். பேங்கில் ஆதாரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராமலும் இருக்கும். அதற்கு, பேங்க் அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகமான ‘செர்சாய்’ இணையதளத்தில் தேடிப் பாருங்கள். “அசல் தொலைந்துவிட்டது” என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கரம் (நிலவரி) தீர்த்த ரசீது விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆதாரத்தில் 8 சென்ட் என்றிருந்தால் ரசீதில் 3.24 ஆர் (ஒரு ஆர் 100 சதுர மீட்டர்) வர வேண்டும். 2.83 என்றிருந்தால் அது 7 சென்ட்தான். மீதி ஒரு சென்ட் ரோட்டுக்குப் போனதா, பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் நகராதீர்கள்.

இந்த வட்டாரத்தில் அதிகம் சறுக்குவது பெண்மக்களின் பங்கில். “சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்தாச்சு, அவளுக்கு இதில் என்ன” என்று ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பத்திரங்கள் நிறைய உண்டு. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கு 1951 ஏப்ரல் 1 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அதற்குப் பிறகு தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. விற்பவர் கிறிஸ்தவக் குடும்பமானால் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் முன்னாதாரத்துக் கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். விடுபட்டவர் வெளிநாட்டில் இருந்தாலும் சரி, அவரிடமிருந்து பதிவான விடுதலைப் பத்திரம் வாங்கித் தரும் பொறுப்பு விற்பவருடையது.

அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உரிமையில் குறை தெரிந்தால் முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.