வாசகர் கேள்வி – பதில்: ஓடும் நீரில் வளரும் உயிர்ப்படலம்

கேள்வி: எங்கள் ஊரில் ஊற்றுநீரைக் கறுப்பு ஓஸ் குழாய் வழியாக வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நீர் இடைவிடாமல் ஓடியும் குழாயின் உட்புறத்தில் வழவழப்பான படலம் படிகிறது. முதுநிலை நுண்ணுயிரியல் படிக்கும் நான், அதிலுள்ள பாக்டீரியாக்களைச் சிலிகோனில் வார்த்த நுண்கால்வாயில் வளர்த்துப் பார்க்கிறேன். 37 டிகிரியில் வைத்தால் காற்றுக்குமிழ்கள் தோன்றிப் படலத்தைக் கெடுக்கின்றன. குமிழ்களை எப்படித் தவிர்ப்பது? பம்பை எந்த அளவில் வைப்பது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நீர் எவ்வளவு விரைந்து ஓடினாலும் சுவரை ஒட்டிய இடத்தில் அதன் வேகம் ஏறத்தாழச் சுழியம்தான். அங்கு ஒதுங்கும் பாக்டீரியாக்கள் பசைப்பொருளைச் சுரந்து பற்றிக்கொள்கின்றன. ஓட்டமோ அவற்றை உரசி இழுப்பதோடு, உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து சேர்க்கவும் செய்கிறது. தேங்கிய நீரில் வளரும் படலத்தில் இந்த இரண்டையும் காண முடியாது என்பதால், நீங்கள் தேர்ந்த முறை சரியானதே.

பம்பின் அளவைத் தேடுவதற்கு முன், சுவரின்மீது நீர் செலுத்தும் சறுக்குத் தகைவை, அதாவது ஓடும் நீர் சுவரின் ஓர் அலகுப் பரப்பை உரசி இழுக்கும் விசையை, முடிவு செய்யுங்கள். 500 மைக்ரோமீட்டர் அகலமும் 100 மைக்ரோமீட்டர் உயரமும் உள்ள கால்வாயில் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் நீர் ஓடினால் அது சுமார் 0.2 பாஸ்கல் இருக்கும். உயரம் பாதியானால் அதே ஓட்டத்தில் தகைவு நான்கு மடங்காகும். ஆகவே, வார்த்தபின் உயரத்தை அளந்து பார்க்காமல் பம்பின் அளவை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை.

குமிழ்களுக்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். கடல்மட்டக் கணக்கில், 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 37 டிகிரியில் 6.7 மில்லிகிராம்தான் தங்கும். மலைக்குளிரில் இருந்த வளர்ப்பு ஊடகம் (பாக்டீரியாக்களுக்கான சத்துநீர்) சூடான கால்வாய்க்குள் நுழையும்போது மிகுதிக் காற்று குமிழாகப் பிரிகிறது. அக்குமிழின் விளிம்பு சுவரோரம் நகர்கையில் ஒட்டியிருந்த செல்களை உரித்தெடுத்துச் செல்கிறது. மேலும், 37 டிகிரி என்பது மனித உடலின் வெப்பம். நீலகிரி ஊற்றுநீரில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது ஏன்? குளிர்நீரிலும் மண்ணிலும் பரவலாக உள்ள சூடோமோனாஸ் ஃபுளூரசென்ஸ் போன்றவை 25 டிகிரியிலேயே நன்கு வளரும். அந்த வெப்பத்திலேயே ஊடகத்தையும் முன்கூட்டி வைத்து, வெற்றிடத்தில் காற்றை நீக்கி, கால்வாயின் நுழைவுக்கு முன் குமிழ்களைப் பிடித்து நிறுத்தும் ஒரு குமிழ்ப்பொறியும் பொருத்துங்கள். செல்களைச் செலுத்தியபின் ஒரு மணிநேரமாவது ஓட்டத்தை நிறுத்தி, அவை ஒட்டிக்கொள்ள விடுங்கள்.

ஒரு வேறுபாட்டை மறக்க வேண்டாம். நுண்கால்வாயில் எப்போதும் வரிச்சீர் ஓட்டமே, அதாவது நீர் அடுக்கடுக்காகக் கலக்காமல் ஓடும் ஓட்டமே, நிகழும். சரிவில் இறங்கும் ஓஸ் குழாயிலோ பெரும்பாலும் நீர் சுழித்துக் கலந்து ஓடும் கொந்தளிப்பு ஓட்டம் இருக்கும். தகைவைச் சமமாக்கினாலும் இவை ஒன்றாகிவிடா. எனவே பழைய குழாயில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதிலுள்ள படலத்தின் தடிமனையும் அளந்து உங்கள் முடிவுகளோடு ஒப்பிடுங்கள்.