எசனில் என்ன வாங்கலாம்?

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி அக்டோபரில் எசன் நகரத்துப் போர்டு கேம் கண்காட்சிக்குப் போகிறானாம், "என்னக்கா வேணும்?" என்று கேட்கிறான். வீட்டில் ஆச்சி முதல் பிள்ளைகள் வரை பல்லாங்குழி, தாயம் ஆடுவோம். எதைச் சொல்வது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பெயர் எழுதி அனுப்பாதீர்கள், ஆடிப்பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 1983 முதல் நடக்கிற கண்காட்சி அது. அரங்குக்கு அரங்கு மேஜை போட்டு, விதியைச் சொல்லித்தர ஆளும் வைத்திருப்பார்கள், அட்டைப்பெட்டியின் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. கூட்டம் மொய்க்கிற பெரிய ஸ்டால்களை விட்டுவிட்டு ஓரத்துச் சின்னக் கம்பெனிகளைப் பார்க்கட்டும். சீட்டில் ஜெர்மன் எழுத்து நிறைய இருந்தால் வேண்டாம், ஆச்சி பாவம்.

சரி, ஒன்றாவது சொல்லுங்கள் என்றால், 'ஃபைவ் டிரைப்ஸ்'. 2014-ல் வந்தது, புதுசு இல்லைதான். ஆனால் ஒரு கட்டத்தில் நிற்கும் மரப்பொம்மைகளை மொத்தமாக அள்ளி, போகிற வழியில் கட்டத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், கடைசியாகப் போடும் பொம்மையின் நிறத்தில் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒன்றாவது இருக்க வேண்டும். பல்லாங்குழிக் கைக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? நாலு பேர் வரை ஆடலாம். மார்க் கணக்குதான் தலைசுற்றும், அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.