டாப்ஸ் நீளத்தை ஸ்கேலால் அளக்கும் பள்ளி: பெற்றோர் எதைக் கேட்கலாம்?

கேள்வி: என் மகள் குடியாத்தம் அருகே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் மாணவிகள் சுடிதாருக்கு மேல் கோட் போட வேண்டும், டாப்ஸ் முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஜூனில் தைத்த டாப்ஸ், பிள்ளை வளர்ந்துவிட்டதால் கொஞ்சம் ஏறிவிட்டது. போன வாரம் பிரேயரில் அவளை முன்னால் நிறுத்தி, ஸ்கேலால் அளந்து, "பையன்களும் படிக்கிற இடம் இது" என்று ஓர் ஆசிரியை சத்தமாகச் சொன்னாராம். அன்றிலிருந்து பள்ளிக்குப் போக மறுக்கிறாள். போய்க் கேட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று கணவர் தயங்குகிறார். பள்ளிக்கு இந்த உரிமை இருக்கிறதா? நான் யாரிடம், எப்படிக் கேட்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. கோட் போட வேண்டும், டாப்ஸ் இவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. பிரேயரில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி பேசியது அந்த விதியை நடத்திய விதம். இரண்டையும் பிரிக்காமல் பள்ளிக்குப் போனால் பேச்சு கோட்டில் தொடங்கிக் கோட்டிலேயே முடியும். தாளாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சீருடை எல்லாருக்கும் பொதுதானே அம்மா" என்பார். நீங்கள் பதில் சொல்ல முடியாமல் திரும்புவீர்கள். பெற்றோரிடமிருந்து எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் வீணாகின்றன.

விதியைப் பொறுத்தவரை பள்ளியின் கை ஓங்கியிருக்கிறது. தனியார் பள்ளி தன் சீருடையைத் தானே வகுத்துக்கொள்ளலாம். தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி கேட்டு இரண்டு மாணவிகள் தொடுத்த வழக்கில், நிர்வாகத்தின் உரிமையே மேலானது என்று கேரள உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நீதிமன்றங்கள் பொதுவாக எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆகவே "என் பிள்ளை கோட் போட மாட்டாள்" என்று முறுக்கிக்கொண்டு நிற்பதில் பயனில்லை. கோரிக்கையாக வைக்க நல்ல வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விதம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதற்குத் தேவையற்ற உடல் வேதனையோ மன வேதனையோ ஏற்படும்படி நடத்துவது சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒருநாள் ஸ்கேலால் அளந்ததற்காக யாரும் சிறைக்குப் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் பிள்ளையைக் கூட்டத்தில் கூனிக்குறுக வைப்பதை ஒழுக்கப் பயிற்சி என்று சொல்லிச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட முடியாது என்பது பள்ளிக்குத் தெரிய வேண்டும். பிரம்படிக்கு இடம் கொடுத்த கல்வி விதியையே தமிழ்நாடு 2003-இல் எடுத்துவிட்டது. அடியை நிறுத்திவிட்டு நாக்கால் அடிப்பதை இன்னும் பலர் தண்டனையாகவே எண்ணுவதில்லை.

ஓர் எச்சரிக்கை. மனு எழுதிக் கொடுப்பவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைத் தவறாமல் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல பிரிவுதான். உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் வெளிப்படையாகத் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் வரைக்குமானது. ஒன்பதாம் வகுப்பு மாணவிக்காக அதைக் காட்டினால், "பொருந்தாது" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அந்தச் சட்டம் தந்ததுதான். அது அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் உண்டு, உங்கள் பள்ளிக்கு இல்லை. உங்களுக்கு இருப்பது பெற்றோர் ஆசிரியர் கழகம். அதில் எத்தனை தாய்மார்கள் வாய்திறக்கிறார்கள் என்பது வேறு கதை.

டி.சி. பயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்ற பாதுகாப்பு உங்கள் மகளுக்கு இப்போது இல்லை, உண்மை. ஆனால் வெளியேற்றினால் காரணத்தை எழுத்தில் கேட்க உங்களால் முடியும், கல்வி அலுவலராலும் முடியும். "தாய் ஒரு கடிதம் கொடுத்தார்" என்ற காரணத்தைத் தன் கைப்பட எழுத எந்தத் தாளாளரும் துணிய மாட்டார். சண்டைபோட்ட பெற்றோரைவிடக் கடிதம் கொடுத்த பெற்றோரிடம் பள்ளிகள் பதனமாகவே நடந்துகொள்கின்றன.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம்: "பையன்களும் படிக்கிற இடம் இது." டாப்ஸ் நீளத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான். பையன்களுக்கும் கெடுபிடி இல்லாமல் இல்லை. ஒட்ட வெட்டாத முடிக்கும், இறுக்கிப் பிடித்த பேண்ட்டுக்கும் அவர்களும் திட்டு வாங்குகிறார்கள். ஆனால் அவனிடம் கேட்பது அவன் ஒழுங்கை மட்டுமே. அவன் முடியைப் பார்த்து வகுப்புப் பெண்களின் கவனம் கெடும் என்று எந்த ஆசிரியரும் சொல்லிக் கேட்டதில்லை. பெண்ணிடம் மட்டும் பக்கத்து பெஞ்சில் இருப்பவனின் கண்ணுக்கும் சேர்த்துப் பொறுப்புக் கேட்கிறார்கள். பதினான்கு வயதில், தன் உடம்பில் நடக்கும் மாற்றத்தைத் தானே பழகிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம், அது ஊர்ப் பிரச்சினை என்று அறிவித்த மாதிரி ஆகிறது. பையன்களுக்கும் இதில் மரியாதை ஒன்றுமில்லை. ஒரு சாண் துணி குறைந்தால் கணக்குப் பாடம் மறந்துபோகும் கூட்டம் என்றுதானே அவர்களைச் சொல்கிறார்கள்?

அந்த ஆசிரியையை அரக்கியாக்க நான் வரவில்லை. அவரும் துப்பட்டாவின் இரண்டு முனையிலும் ஊக்கு குத்தி, இரட்டைச் சடையை மடித்துக் கட்டி வளர்ந்தவராகத்தான் இருப்பார். ஒரு மாணவிக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் கைகாட்டப்படுவது தான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். தமிழக அரசு 2019-இல் தன் ஊழியர்களுக்கு உடை விதி வகுத்தபோது, சுடிதார் அணியும் பெண்களுக்குத் துப்பட்டாவையும் சேர்த்தே எழுதியது. அளக்கிறவரும் இன்னொருவர் அளவுக்கு உட்பட்டவரே.

கோட்டைப் பற்றிக் கோரிக்கை வைக்க நம் வேலூர் மாவட்டத்தில் வெயிலைவிட நல்ல வாதம் கிடையாது. மாணவியின் உடம்பில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உள்ளாடை, ஷிம்மி, பாலியஸ்டர் கலந்த டாப்ஸ், அதன் மேல் அதைவிடத் தடித்த துணியில் கோட். அக்குளில் மூன்று தையல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காருகிறது. காட்பாடி பாகாயம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வரும் பிள்ளையின் கோட்டில், முதல் மணி அடிப்பதற்குள் முதுகில் உப்புக்கோடு விழுந்துவிடும். வியர்க்குரு, தொடையிடுக்குப் புண், மாதவிடாய் நாட்களில் வெளிர் நிற பேண்ட்டோடு உட்கார முடியாத தவிப்பு ஆகியவற்றைப் பிள்ளைகள் வீட்டிலேயே சொல்வதில்லை. கைத்தறி ஊர்க்காரரான உங்களுக்குத் துணியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெயிலுக்காக 2023-லும் 2024-லும் பள்ளி திறப்பையே தள்ளிவைத்த மாநிலம் இது. ஜூன், ஜூலை மாதங்களிலும் மார்ச்சுக்குப் பிறகும் கோட் கட்டாயமில்லை என்று அறிவியுங்கள், டாப்ஸைப் பருத்தி கூடிய துணியில் மாற்றுங்கள், பேண்ட்டைக் கருநிறமாக்குங்கள் என்று கேட்கலாம். இதைத் தனியாகக் கேட்காதீர்கள். நாலைந்து தாய்மார்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிர்வாகம் யோசிக்கும். கேரளத்தில் வளையன்சிறங்ஙரை அரசுத் தொடக்கப் பள்ளி, ஆண் பெண் இரு பாலருக்கும் ஒரே மாதிரி முக்கால் காலாடையும் சட்டையும் கொண்டுவந்தது. பெற்றோர் ஒத்துழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது.

உடை விதி என்றால் வேலூர்க்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவிட்டது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் என்ன நடந்தது என்பதை எட்டாம் வகுப்புப் பாடத்தில் உங்கள் மகளே படித்திருப்பாள். அதை நடத்தும் ஆசிரியர்கள் இதை யோசிப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கமிருந்து தலைத்துணி பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் கல்வி நிலையங்களில் தலைத்துணிக்கு இருந்த தடையைச் சரி என்றது அந்த மாநில அரசின் ஆணையை ஒட்டி. உச்ச நீதிமன்றத்தில் அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று இரண்டு நீதிபதிகளும் எதிரெதிராகத் தீர்ப்பளித்தார்கள். கர்நாடகத் தீர்ப்பைக் காட்டி இங்கே யாராவது மிரட்டினால், அது தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லுங்கள். சீருடை நிறத்திலேயே தலைத்துணி கேட்பது நடைமுறையில் பலன் தரும் வழி.

கடிதத்தை எப்படி எழுதுவது? தலைமை ஆசிரியருக்கு எழுதி, நகலைத் தாளாளருக்குக் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"எங்கள் மகள் பள்ளிச் சீருடையை முறையாகவே அணிகிறாள். இன்ன தேதியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், மற்ற மாணவர்கள் முன்னிலையில் நிறுத்தி அவள் உடையின் நீளம் அளக்கப்பட்டது. இன்ன வார்த்தைகள் சொல்லப்பட்டன. அன்று முதல் அவள் பள்ளிக்கு வர மறுக்கிறாள். இனி உடையில் குறை இருந்தால் டைரியில் எழுதியோ எங்களைத் தொலைபேசியில் அழைத்தோ தெரிவிக்கவும், சோதிக்க வேண்டியிருந்தால் தனியிடத்தில், ஆசிரியைகள் மட்டும், உடலைத் தொடாமல் சோதிக்கவும் கேட்டுக்கொள்கிறோம். மாணவர், மாணவியர் இருவருக்குமான சீருடை விதிகளை எழுத்தில் தந்து உதவவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் சீருடை விதி என்பது டைரியில் இரண்டு வரி, மீதி எல்லாம் அந்தந்த ஆசிரியரின் மனப்போக்கு. எழுதித் தரச் சொன்னதும் பல விதிகள் தாமாகவே உதிர்ந்துவிடும். ஆசிரியை மீது நடவடிக்கை வேண்டும் என்ற வரியை மட்டும் முதல் கடிதத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஆசிரியர் அறை முழுவதும் அவர் பின்னால் திரளும், உங்கள் மகளை அடுத்த மாதம் முழுக்க உற்றுப் பார்க்கும். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், அடுத்து முதன்மைக் கல்வி அலுவலரிடமும் போகலாம். திங்கள்கிழமைகளில் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் விழும் என்பதால் பள்ளிகள் அதற்கு அஞ்சும். கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைகள் உதவி எண் 1098.

அளந்தவர் ஆண் ஆசிரியராக இருந்து, கை பட்டிருந்தால், அல்லது மார்பு, இடுப்பு என்று உடம்பைச் சுட்டி ஆபாசமாகப் பேசியிருந்தால் இந்தப் படிக்கட்டெல்லாம் கிடையாது. நேராக 1098 அல்லது மகளிர் காவல் நிலையம். அது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் விவகாரம். பள்ளிப் பணியாளர் செய்தால் அந்தச் சட்டம் இன்னும் கடுமையாக நடத்தும். துணிக்கு மேல் தொட்டது போக்சோவின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்ற மும்பை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்துவிட்டது. விஷயம் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் மூடி மறைக்கும் நிர்வாகமும் குற்றவாளியே. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள சம்பவத்துக்கு போக்சோவை இழுக்காதீர்கள். பொருந்தாத இடத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் உண்மையாகத் தேவைப்படும் பிள்ளையின் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

மகளிடம், "நீ ஒழுங்காகப் போட்டிருந்தால் இது வந்திருக்குமா" என்ற கேள்வி வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது, பாட்டி வாயிலிருந்தும்கூட. கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவள் வேண்டாம் என்று சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். இப்போதைக்கு டாப்ஸின் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிட முடியுமா என்று தையல்காரரிடம் காட்டுங்கள். துணி இல்லையென்றால் அதே நிறத்தில் ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பார். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ளே இரண்டு அங்குலம் விடச் சொல்வது நல்லது.

துணியையும் கோட்டையும் பற்றிய கூட்டுக் கோரிக்கையை ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கான சீருடைத் துணிக்குப் பள்ளி ஆர்டர் கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு நியாயம் பேசினாலும் "ஸ்டாக் வந்துவிட்டது அம்மா" என்ற பதில்தான் கிடைக்கும்.