மனம் சொல்லுது, மனைவிக்குச் சொல்லவில்லை

கேள்வி: ஆறு வருடமாக அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மனம் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பாசிக்குடாவில் நாலு அறையோடு ஒரு விடுதி தொடங்கு என்று உள்மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மனைவியின் சீதன வளவை ஈடு வைத்தால் காசு புரட்டலாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உள்ளுணர்வை நம்புகிறவர்களுக்குத்தான் நிறைவான வாழ்க்கை கிடைக்கும் என்கிறார்களே, நம்பி இறங்கலாமா ஐயா?
(பெயர் வேண்டாம், களுதாவளை)

பதில்: உள்ளுணர்வை நம்பலாம் தம்பி. எந்த விஷயத்தில் என்பதுதான் கேள்வி.

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை போடுகிற ஒருவரைப் பல வருடமாக எனக்குத் தெரியும். விடியப்புறம் தோணியில் எழும்பி நின்று, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நிற்பார். வீசமாட்டார். நமக்குக் கால் கடுக்கும். திடீரென்று ஒரு பக்கம் திரும்பி வீசுவார், வலை வட்டமாக விரிந்து விழும். இழுத்தால் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். "எப்பிடி அண்ணன் தெரியும்?" என்றால், "தெரியும், அவ்வளவுதான்." நச்சரித்து நச்சரித்து ஒருநாள் வாயைத் திறக்க வைத்தேன். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கொஞ்சம் நெளியுமாம், நிறம் ஒரு பொட்டு மாறுமாம். "கண் பார்க்கிறதுக்கு முதல் கை பார்த்திரும்" என்றார்.

அந்தக் கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வாவிதான். ஒவ்வொரு வீச்சுக்கும் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும், மீன் அல்லது வெறும் வலை. நாற்பது வருடம் தினமும் அடி வாங்கித் திருந்திய கை அது.

இதே மனிதர், மகனைக் கட்டாருக்கு அனுப்ப ஓர் ஏஜென்டிடம் ஐந்து லட்சம் கொடுத்தார். "ஆளைப் பார்த்த உடனேயே மனசுக்குப் பட்டிச்சு, நல்ல பொடியன் எண்டு." காசும் இல்லை, பொடியனும் இல்லை. அதே மனம்தான், அதே 'தெரியும், அவ்வளவுதான்' தான். ஆனால் ஏஜென்டுகளை அவர் வாழ்நாளில் எத்தனை தடவை வீசிப் பார்த்திருக்கிறார்?

நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், உள்ளுணர்வை லேசில் நம்பாதவர். கேரி கிளைன் அதற்கு எதிர்ப்பக்கம். தீயணைப்பு அதிகாரிகள் யோசிக்க நேரமில்லாத இடத்தில் எப்படிச் சரியாக முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். இரண்டு பேரும் வருடக்கணக்காகப் பேசிப் பார்த்து 2009இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். சாரம் நம் வலைக்காரரின் கதைதான். ஒழுங்கு உள்ள ஒரு துறையில் நீண்ட காலம் பழகி, செய்ததற்குச் சரியாகப் பதிலும் கிடைத்து வந்திருந்தால் உள்ளுணர்வை நம்பலாம். மனதுக்கு எவ்வளவு உறுதியாகப் படுகிறது என்பது கணக்கில் இல்லை. ஏஜென்ட் விஷயத்திலும் அவருக்கு உறுதியாகத்தான் பட்டது.

நானும் சும்மா இல்லை. உள்மனம் சொல்லித்தான் ஒரு பழைய அச்சு இயந்திரம் வாங்கினேன். இப்போது அதன்மேல் எங்கள் வீட்டுக் கோழி அடைகாக்கிறது.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். உள்மனம் சொன்னதாக நீங்கள் எழுதியதில் இரண்டு சங்கதி ஒட்டிக் கிடக்கின்றன. இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை என்பது ஒன்று. அதை நம்புங்கள். ஆறு வருடம் தினமும் அந்தக் கதிரையில் இருந்தவர் நீங்கள், உங்களைவிட யாருக்குத் தெரியும்? பாசிக்குடாவில் விடுதி என்பது மற்றது. அதை உள்ளுணர்வு என்று சொல்லாதீர்கள், ஆசை என்று சொல்லுங்கள். போயா லீவுக்குக் குடும்பத்தோடு போய், இடுப்பளவுத் தண்ணீரில் தூரம் வரை நடந்து, மீன் பொரியலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஈடு வைக்க அது போதாது, அவ்வளவுதான்.

'வேண்டாம்' என்று மனம் சொல்வதையும் 'இறங்கு' என்று சொல்வதையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் நினைவிருக்கும். சுமாத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது, சுனாமி எச்சரிக்கை வந்தது. 2004ஐக் கண்டவர்கள் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடல் வரவில்லை. ஓடினோமே என்று யாராவது வருத்தப்பட்டார்களா? மனம் சொன்னது பிழையாகப் போனால் ஒரு பின்னேரம் அலைச்சல், அவ்வளவுதான் நட்டம். உங்கள் விஷயத்தில் பிழையாகப் போனால் போவது வளவு.

ஆகவே ராஜினாமாக் கடிதத்தை இப்போது எழுதவேண்டாம். சம்பளமில்லாத லீவு கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைத்தால் ஏதாவது ஒரு விடுதியில் சில கிழமை கூடமாட நின்று வேலை செய்யுங்கள். சித்திரையில் போகாதீர்கள், அப்போது யார் கடை போட்டாலும் ஓடும். கார்த்திகை, மார்கழியில் போங்கள். மழை அடித்து ஊற்றும், அறைகள் பூட்டிக் கிடக்கும், மின்சார பில் மட்டும் தவறாமல் வரும். அப்போதும் உள்மனம் 'இறங்கு' என்றால் அதற்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று. பெண்ணுக்குத்தான் வீடும் வளவும் என்பது நம் பக்கத்து வழக்கம். வளவு உங்கள் மனைவியுடையது. அவரைக் கேட்காமல் என்னைக் கேட்கிறீர்கள். சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்து பழகிய அந்த உள்ளுணர்வு பிழையாகப் போகாது.

இந்த இதழ் வியாழக்கிழமை களுவாஞ்சிக்குடிக் கடைகளுக்கு வந்துவிடும். பெயர் போடாவிட்டாலும் ஊரும் வளவும் விடுதியும் அச்சில் இருக்கின்றன. புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.