வாசகர் கேள்விகள்: வேர் இல்லாத சில ஆண்டுகள்

கேள்வி: பேக்கிங் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மரவாடியில் நியூசிலாந்து பைன் என்று சொல்லித் தரும் மரத்தைத்தான் வாங்குகிறேன். அங்கே ஒரு மலையையே மொத்தமாக வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள் என்று மகள் குறைபட்டுக்கொள்கிறாள். வெட்டியதும் கன்று நட்டுவிடுகிறார்களே, பிறகு மண்ணுக்கு என்ன கெடுதல்?
- ஒரு வாசகர், மாதவரம்

பதில்: நடுவது உண்மைதான். நீங்கள் வாங்குவது இயற்கைக் காட்டு மரமும் அன்று. அந்நாட்டின் நடவுக் காடுகளில் சுமார் 90 விழுக்காடு, கலிபோர்னியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ரேடியாட்டா பைன். முழுக்கட்டை வந்தால் வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ணிப் பாருங்கள்; அகலம் அகலமாக இருக்கும், பெரும்பாலும் முப்பதைத் தாண்டாது.

கெடுதல், வெட்டுக்கும் வளர்ச்சிக்கும் நடுவே இருக்கிறது. மரத்தைச் சாய்த்த சில ஆண்டுகளில் அடிக்கட்டையின் வேர் மக்கிவிடும். புதுக் கன்றுகளின் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆக, ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள் அந்தச் சரிவைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இருப்பதில்லை. மழையைத் தாங்கி மெல்ல இறக்கிவிடும் இலைக்கூரையும் போய்விடுவதால் நீர் நேராக மண்ணில் அறைகிறது.

நியூசிலாந்தின் கிஸ்பர்ன் வட்டாரத்தில் நடந்ததைப் பாருங்கள். குடியேறியவர்கள் ஆட்டு மேய்ச்சலுக்காகப் பழங்காட்டை அழித்ததால் அங்குள்ள இளகிய சேற்றுப்பாறைக் குன்றுகள் சரியத் தொடங்கின. 1988 மார்ச்சில் போலா புயல் அந்தச் சரிவுகளைக் கிழித்தெறிந்த பிறகு, மண்ணைப் பிடிப்பதற்கென்றே அரசு உதவியோடு பைன் நடப்பட்டது. அவை முற்றியதும் சரிவு சரிவாக வெட்டினார்கள். விலைபோகாத நுனி, கொப்பு, துண்டுக் கட்டைகளை அங்கேயே விட்டார்கள். 2018 ஜூன் மழையில் அவை டோலகா விரிகுடாவின் பண்ணைகளிலும் கடற்கரையிலும் வந்து குவிந்தன. 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயலின்போது மறுபடியும் அதே கதை. வெள்ளக் காலத்தில் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஆகாயத்தாமரையை இழுத்து வருவதைப்போல, அங்கே ஆறுகள் அடிமரங்களை இழுத்து வந்தன. பைன்மீது பழி போடுவதில் நியாயமில்லை என்பது என் கருத்து. செங்குத்தான சரிவு முழுவதையும் ஒரே பருவத்தில் மொட்டையடித்ததுதான் தவறு. உங்கள் மகள் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

கேள்வி: அப்படி வெட்டிய இடத்தில் வாழ்ந்த பறவைகளும் விலங்குகளும் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடாதா?
- ஒரு கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: பக்கத்துக் காடு காலியாக இருந்தால்தானே போவதற்கு? பெரும்பாலும் அங்கே இரைக்கும் பொந்துக்கும் ஏற்கெனவே போட்டி இருக்கும். தவிர, எல்லா உயிரும் இளங்காட்டில் வாழ முடியாது. அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள புள்ளி ஆந்தை, முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலும் முறிந்த உச்சிகளிலும் குஞ்சு பொரிப்பது. பழங்காடுகள் மொத்த வெட்டில் சுருங்கியதால் 1990-இல் அது சட்டப்படி காக்கவேண்டிய இனமாக அறிவிக்கப்பட்டது. மீண்டும் நட்ட மரங்கள் பொந்துவிடும் வயதை எட்டுமுன்பே அடுத்த வெட்டுக்கு ஆள் வந்துவிடுகிறார்கள். ஓடைக்கரை நிழல் போய்விட்டால் தண்ணீர் சூடேறுகிறது, வண்டல் படிந்த கூழாங்கற்களில் சால்மன் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. நியூசிலாந்தின் நீள்வால் வௌவால் பைன் மரங்களிலும் பகலில் தங்குவதுண்டு. குளிரில் மந்தித்துக் கிடக்கும்போது மரம் சாய்ந்தால் அதனால் தப்பிக்க முடியாது.

ஆனால் கைங்கரோவா பைன் காட்டில், அந்நாட்டு வல்லூறு புதிதாக வெட்டிய திறந்த நிலத்திலேயே தரையில் முட்டையிட்டுப் பெருகுகிறது. வெவ்வேறு வயது மரங்கள் நிற்கும் பகுதிகள் அடுத்தடுத்து இருப்பதால் அதற்கு வேட்டை எளிது. அதை வைத்து மொத்த வெட்டுக்கு நற்சான்று கொடுப்பவர்களும் உண்டு. ஒரு பறவைக்கு வாய்த்தது வௌவாலுக்கு வாய்க்கவில்லையே.

கேள்வி: எப்.எஸ்.சி. முத்திரை உள்ள மரம் என்றால் மொத்தமாக வெட்டாதது என்று பொருளா?
- ஒரு மரக்கடைக்காரர், மூலக்கடை

பதில்: இல்லை. காட்டைப் பொறுப்போடு பராமரிப்பதற்குத் தரப்படும் சான்று முத்திரை அது; மொத்த வெட்டைத் தடை செய்வதில்லை. ஓடைக்கரை, அரிய உயிர்களின் வாழிடம், தொழிலாளர் உரிமை ஆகியவற்றில் நிபந்தனைகள் விதிக்கிறது. எந்தச் சரிவில், எவ்வளவு பரப்பில் வெட்டினார்கள் என்பதை இறக்குமதி செய்பவரிடம்தான் கேட்க வேண்டும்.