போர்தோ, பர்கண்டி கட்டுப்படியாகவில்லை. குறைந்த விலையில் நல்ல பிரெஞ்சு ஒயினை எந்த வட்டாரத்தில் தேடலாம்?

பேர்போன ஊர்களின் பாட்டிலில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஊர்ப் பெயருக்கும் அங்குள்ள நில விலைக்கும் போய்விடுகிறது. பெயர் பரவாத வட்டாரங்களில் அந்தச் சுமை இல்லை. பிரான்ஸிலேயே வாங்கினால் 7 முதல் 12 யூரோவுக்குள் அருமையான பாட்டில்கள் கிடைக்கும்.

என் முதல் சிபாரிசு முஸ்கடே. லுவார் ஆறு கடலில் சேருவதற்கு முன், நாந்த் நகரை ஒட்டி விளைவது. பெயரைப் பார்த்து, மஸ்கட் திராட்சையில் செய்த தித்திப்பு ஒயின் என்று வாங்கி ஏமாறாதீர்கள். இது மெலோன் த பூர்கோன் என்ற வேறு திராட்சை. இனிப்பே இல்லாத, எலுமிச்சைப் புளிப்புள்ள வெள்ளை ஒயின்.

லேபிளில் 'சூர் லீ' என்று இருக்கிறதா பாருங்கள். மண்டியின் மேல் என்று பொருள். நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியைப் பிரிக்காமல், குளிர்காலம் முழுக்க ஒயினை அதன் மேலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த மார்ச் மாதத்துக்கு முன் பாட்டிலில் அடைக்கக் கூடாது. மண்டி சிதைந்து கரையக் கரைய ஒயினுக்குக் கனம் சேரும், ரொட்டியின் மணம் லேசாக வரும். தொட்டி மாற்றாததால் கரியமில வாயுவும் கொஞ்சம் தங்கிவிடும். முதல் மடக்கில் நாக்கு நுனியில் சுருக்கென்று படுவது அதுதான். ஒயின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று யூரோ கூடப் போட முடிந்தால் க்ளிசோன் அல்லது கோர்ஜ் என்று ஊர் பெயர் அச்சிட்டதை எடுங்கள். இவை 24 மாதமாவது மண்டியில் கிடந்தவை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 4, 5 டிகிரியில் மணம் எழாது, புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்து 8 முதல் 10 டிகிரியில் ஊற்றுங்கள். கடல் சிப்பி, மட்டி, வறுத்த மீன் எல்லாவற்றுக்கும் சேரும்.

சிவப்பில் காவோர். தென்மேற்கில் லோத் ஆற்றங்கரை. 70 சதவீதமாவது மல்பெக் திராட்சை இருக்க வேண்டும் என்பது விதி. கருஞ்சிவப்பு, நல்ல துவர்ப்பு. வெறும் வாயில் குடித்தால் கரடுமுரடாகத்தான் இருக்கும். வாத்து, ஆட்டிறைச்சி மாதிரி கொழுப்பும் புரதமும் உள்ள உணவோடு சேரும்போது துவர்ப்பு அடங்கிவிடும். இளம் பாட்டிலானால் ஒரு மணி நேரம் முன்பே அகலமான ஜாடியில் ஊற்றி வையுங்கள். கார்க்கை மட்டும் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. பாட்டில் கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான். 16 முதல் 18 டிகிரி பொருத்தம். வீடு வெக்கையாக இருந்தால் அரை மணி ஃபிரிட்ஜில் வைத்தெடுங்கள், இல்லையென்றால் சாராய நெடிதான் முதலில் ஏறும்.

பிரனே மலையடிவாரத்து ஷுரான்சோன் வாங்கும்போது ஒரு கவனம்: 'செக்' என்ற சொல் கூட இருந்தால்தான் இனிப்பில்லாத ஒயின். அது இல்லாத பாட்டில் தித்திப்பு.

நுரைக்கும் ஒயின் வேண்டுமென்றால் தெற்கே உள்ள லிமூ. ஷாம்பேன் மாதிரியே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைப்பது, விலையோ அதில் பாதிகூட வராது. லேபிளில் 'ப்ளான்கெத்' என்று இருந்தால் பெரும்பகுதி மோசாக் திராட்சை, ஆப்பிள் தோல் மணம் தூக்கலாக இருக்கும். ஷாம்பேன் சாயல் வேண்டுபவர்கள் 'க்ரெமான்' எடுக்கலாம்.

எந்தப் பாட்டிலிலும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கோளாறு கார்க்கில். காற்றாட வைத்தாலும் போகாது, ரசீதோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். நல்ல ஒயினில் குடித்து மிச்சமானதைச் சிறு பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும், சிவப்பும் அப்படியே.