எதிர் ஃபிளாட்டுக்கு வந்த அழைப்பு

கேள்வி: எங்கள் எதிர் ஃபிளாட் மாமியின் மகன் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட்டான். "பகவான் கூப்பிட்டுட்டார்" என்கிறார் மாமி. தேவ அழைத்தல் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் மட்டும்தானே உண்டு? மற்றவர்களுக்கு வருவது மனப்பிரமைதானே? என் மகனும் பிளஸ் டூ முடித்ததும் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போகிறேன் என்றான். ஒரே பிள்ளை என்பதால் சமாதானம் சொல்லி இன்ஜினீயரிங்கில் சேர்த்தோம். மாமிக்கு நான் என்ன பதில் சொல்வது?
- பெயர் வேண்டாம், பெரம்பூர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: மாமி உங்களிடம் எதுவும் கேட்கவில்லையே அம்மா, பதில் சொல்வதற்கு! அவர் வீட்டுச் சேதியைச் சொன்னார், அவ்வளவுதான். பதில் தேவைப்படுவது உங்களுக்கு. சரி, சொல்கிறேன்.

'திருச்சபைக்குள் மட்டும்' என்பதை எங்கே படித்தீர்கள்? பைபிளில் இருக்க முடியாது. அதில் முதன்முதலாகக் குரு என்று சொல்லப்படுகிறவர் மெல்கிசெதேக்கு. தொடக்க நூல், 14-ஆம் அதிகாரம். யூதர்களின் முன்னோரான ஆபிராமின் சொந்தக்காரர் இல்லை, கடவுள் அவரோடு செய்த உடன்படிக்கைக்கு உட்பட்டவரும் இல்லை. எங்கிருந்தோ அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு வருகிறார், ஆசி கூறுகிறார், போய்விடுகிறார். அந்த வெளியாளின் பெயரைச் சொல்லித்தான் "மெல்கிசெதேக்கின் முறைப்படி நீர் என்றென்றும் குருவே" என்று நம் புதுக்குருக்களின் அழைப்பிதழில் அச்சடிக்கிறோம். உங்கள் வீட்டு பீரோவில் அப்படி நாலு அழைப்பிதழாவது கிடக்கும், எடுத்துப் பாருங்கள்.

பைபிள் போதாது, திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். உலக ஆயர்கள் எல்லாரும் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று மறைபரப்புப் பணி பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. அதில் துறவற சபைகளுக்கு ஓர் அறிவுரை வருகிறது: நற்செய்தி போய்ச் சேரும் முன்பே பழைய பண்பாடுகளில் தவமும் தியானமும் இருந்தன, அவற்றின் விதைகளைச் சில இடங்களில் கடவுளே ஊன்றியிருக்கிறார், அவற்றை உங்கள் வாழ்வில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று யோசியுங்கள். விதைத்தவர் யார் என்று அங்கே பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. கடவுள் விதைத்ததை மனப்பிரமை என்று சொல்ல நீங்களும் நானும் யார்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குருப்பட்டம் வேறு விஷயம். அது திருவருட்சாதனம், அதாவது கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கு, யார் கொடுத்தால் செல்லும் என்பதில் திருச்சபை கறார். ஆர்த்தடாக்ஸ் குருக்களின் பட்டத்தை ஏற்றுக்கொள்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் பட்டங்கள் செல்லாது என்று 1896-லேயே போப் பதின்மூன்றாம் லியோ எழுதிவிட்டார். ஆனால் பட்டம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, கூப்பிட்டது யார் என்பது இன்னொரு கேள்வி. நீங்கள் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டீர்கள். திருப்பத்தூரில் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டனும் சீர்திருத்தச் சபைக்காரர்கள். இருவரும் டாக்டர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள். ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டது. ரோம் தந்த பட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை.

அதே 1896-ல்தான் மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். தன் தகப்பனாரைத் தேடி, அவருடைய உத்தரவின்படியே போவதாகச் சீட்டில் எழுதியிருந்தான். 'நான்' என்று தொடங்கிய சீட்டு அடுத்த வரியிலேயே 'இது' என்று மாறிவிடுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு. சம்பளம் இன்னும் கட்டவில்லை, ரூபாய் இரண்டு இதோடு இருக்கிறது என்று கணக்கும் ஒப்படைத்திருக்கிறான். திருவண்ணாமலை ரமணர்தான் அந்தப் பையன். தகப்பனாரின் உத்தரவு! இதே வார்த்தைகளை உங்கள் பங்கில் ஒரு பையன் எழுதியிருந்தால் தேவ அழைத்தலுக்காக வேண்டிக்கொள்ளும் நல்லாயன் ஞாயிறன்று பிரசங்கத்தில் வாசித்திருப்பார்கள். 1949-ல் அவரைப் பார்க்கப் போன பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோவுக்கு, அவர் பெனடிக்ட் சபைக்காரர், அது பிரமையாகத் தெரியவில்லை. அடுத்த வருடமே குளித்தலை அருகே காவிரிக்கரையில் சாந்திவனத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர்.

அப்புறம் இந்த 'மனப்பிரமை'. நானும் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவன். சேர்ந்த புதிதில் அதிபர் கூப்பிட்டு, "கடவுள் அழைச்சார்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். ஆராதனை நேரத்தில் ஒரு குரல் கேட்டது என்றேன், ரொம்பப் பெருமையாக. "முதல்ல காது டாக்டரைப் பாரு. அழைச்சாரா இல்லையான்னு கடைசியில ஆயர் சொல்லுவார். அதுவரைக்கும் மணி அடிச்சா எழுந்திரு, போதும்" என்றார்.

அவர் கிண்டலாகச் சொன்னது சட்டப்படியும் சரிதான் என்று பின்னால்தான் தெரிந்தது. 1912-ல் ரோமில் இதே வழக்கு வந்தது. குருவாக வேண்டும் என்றால் உள்ளுக்குள் ஓர் ஈர்ப்பு இருந்தே ஆக வேண்டுமா? கட்டாயமில்லை, நேர்மையான நோக்கமும் தகுதியும் போதும், அழைப்பவர் ஆயர் என்றது கர்தினால்கள் குழு. அதனால்தான் மெய்யியலும் இறையியலும் சேர்த்து ஆறு வருடம் படிக்க வைக்கிறார்கள். கன்னியர் மடத்தில் குறைந்தது ஒரு வருடம் நவதுறவு என்ற பயிற்சிக் காலம், பிறகு குறைந்தது மூன்று வருடம் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கும் துறவற உறுதிமொழி. பிரமை என்றால் அதற்குள் தெளிந்துவிடும். எனக்குத் தெளிந்தது.

மயிலாப்பூரிலும் அதே கதைதான். 1897-ல் ராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து தொடங்கிய மடம் அது. சேர்ந்த அன்றே காவியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். பல வருடம் வெள்ளை வேட்டியோடு வேலை செய்ய வேண்டும். மாமியின் மகனை அவர்கள் சோதித்துக்கொள்வார்கள். எதிர் ஃபிளாட்டிலிருந்து நாம் சோதிக்க வேண்டாம்.

இதற்காக எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டவும் வேண்டாம். சவுகார்பேட்டையில் தீட்சை எடுக்கும் ஒரு ஜைனப் பெண்ணிடம் போய் "உங்களைக் கடவுள் கூப்பிட்டாரா?" என்றால் அவர் விழிப்பார். படைத்தவன் என்று ஒருவனை ஜைனம் ஏற்பதில்லை, கூப்பிட யார் இருக்கிறார்கள்? துறவெல்லாம் அழைப்பு இல்லை.

ஆனால் கூப்பிடுகிற கடவுளைத் தமிழ்நாடு கப்பல் வருவதற்கு முன்பே அறியும். கல்யாணப் பந்தலில் கிழவராக வந்து, ஓலையைக் காட்டி, "இவன் எனக்கு அடிமை" என்று வழக்காடிச் சுந்தரரை இழுத்துக்கொண்டு போனாரே சிவபெருமான், அதற்குத் தடுத்தாட்கொள்ளுதல் என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். (அப்படி இழுத்தவரே பிறகு திருவாரூரில் ஒன்று, நம் திருவொற்றியூரில் ஒன்று என்று இரண்டு கல்யாணம் செய்து வைத்தார். அழைப்பு என்றாலே பிரம்மச்சரியம் என்று நினைப்பவர்கள் கவனிக்க.)

அங்கே கல்யாணத்தைத் தடுத்தது கடவுள். உங்கள் வீட்டில் குருமடத்தைத் தடுத்தது நீங்கள். அதில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. ரமணரின் அம்மாவும் திருவண்ணாமலைக்குப் போய் அழுதுதான் கூப்பிட்டார். மகன் திரும்பவில்லை. பிறகு 1916-ல் அம்மாதான் மகனோடு வந்து தங்கினார். மாமி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பதில் யோசிப்பதை விட்டு, சாயங்காலமாக ஒரு நடை போய் அவரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கடிதத்தில் மாமியின் மகனைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை.